ஹெட்லைட் பல்பை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: எச்4 பல்புக்கு ஒரு முழு வழிகாட்டி

இரவில் எதிரே ஒற்றை விளக்கோடு ஒரு வண்டி வந்தால், அதைப் பைக் என்றுதான் நம் கண் முதலில் எடுத்துக்கொள்ளும். எரியாமல் போனது வலப்பக்க விளக்காக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன. எதிரே வருபவருக்கு மிக அருகில் வருவது நம் காரின் வலது ஓரம். அது இருட்டில் கிடக்க, இடது விளக்கு மட்டும் கண்ணில் பட்டால், ‘ஓரமாக ஒரு பைக் வருகிறது’ என்று நினைத்து அவர் முன்னால் போகும் லாரியை முந்தப் பார்ப்பார். காலி என்று அவர் நினைத்த இடத்தில் நம் காரின் பாதி இருக்கும். அதனால் ஒரு பல்பு போனதும், ‘இன்னொன்று எரிகிறதே, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள்.

நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பல்பு அதன் இருக்கையில் சரியாக உட்கார வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் விலகினாலும் வெளிச்சம் சாலையை விட்டுவிட்டு எதிரே வருபவர் கண்ணுக்குப் போய்விடும். இந்த வழிகாட்டியில் அதிக இடம் அதற்குத்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது எச்4 பல்பு. மாருதி ஆல்ட்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10 என்று நம் தெருவில் நிற்கும் கார்களின் பல மாடல்களில் இதுதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மாதிரியான பைக்குகளிலும் இதே பல்பு இருந்தது. அதனால் சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்கூடக் கிடைக்கும். மற்ற வகைப் பல்புகளைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பல்புக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் ‘தொடாதே, திருப்பாதே’ எல்லாம் ஏன் என்று தானாகப் புரியும்.

எச்4 பல்பு 1971-இல் ஐரோப்பாவில் வந்தது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ஃபிலமென்ட், அதாவது எரியும் கம்பிச்சுருள்: பிரைட்டுக்கு ஒன்று 60 வாட், டிம்முக்கு ஒன்று 55 வாட். பெட்டியில் ‘12 வோல்ட் 60/55 வாட்’ என்று போட்டிருப்பது இதைத்தான். பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உற்றுப் பாருங்கள். நுனிப் பக்கம் இருக்கும் ஃபிலமென்டுக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். அதுதான் டிம் ஃபிலமென்ட். கிண்ணம் கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைத்துவிடுவதால், பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் ஒளியை வாங்கி, அதைச் சாலையை நோக்கிக் கீழே அடிக்கிறது. கிண்ணத்தின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். டிம் போடும்போது சுவரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஒரு பக்கம் நேராகவும் இடப்பக்கம் சற்றே ஏறியும் தெரிவது இந்தச் சாய்வினால்தான். இடது ஓரத்தில் நடப்பவரும் மைல்கல்லும் தெரிய வேண்டும், வலப்பக்கம் எதிரே வருபவர் கண் கூசக் கூடாது. இந்த இரண்டையும் நகத்தளவு தகடு ஒன்று சாதிக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பல்பைத் தலைகீழாகவோ கோணலாகவோ மாட்டினால் என்ன ஆகும்? கிண்ணம் மறைக்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கத்தை மறைக்கும், டிம் வெளிச்சம் மேலே எகிறும்.

இன்னொன்று, சூடு. எச்4 ஒரு ஹாலஜன் பல்பு. அதன் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல, குவார்ட்ஸ் வகை. எரியும்போது ஃபிலமென்டிலிருந்து டங்ஸ்டன் மெல்ல ஆவியாகும். உள்ளே இருக்கும் புரோமின் அல்லது அயோடின் வாயு அந்த ஆவியோடு சேர்ந்து, கண்ணாடியில் கரியாகப் படியவிடாமல் திரும்ப ஃபிலமென்டுக்கே கொண்டுபோகும். இது நடக்க வேண்டுமென்றால் கண்ணாடிச் சுவரே ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் நம் விரல் வியர்வையின் உப்பும் எண்ணெயும் குவார்ட்ஸைத் தாக்கும். கைபட்ட இடம் பால் நிறமாக மங்கி, அங்கே சூடு குவிந்து, பல்பு சீக்கிரமே போய்விடும். சில சமயம் வெடிக்கவும் செய்யும். ‘கண்ணாடியைத் தொடாதே’ என்று பெட்டியில் படம் போட்டுச் சொல்வது இதனால்தான்.

பல்புதான் போயிருக்கிறதா?

கடைக்கு ஓடுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும், டிம்மிலோ பிரைட்டிலோ ஏதாவது ஒன்றில் மட்டும் எரியவில்லை என்றால் அநேகமாகப் பல்புதான். அதே பல்பின் இன்னொரு ஃபிலமென்ட் நன்றாக எரிகிறது, எனவே அந்தப் பக்கத்து எர்த் (கரன்ட் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரி, போனது ஒரு ஃபிலமென்ட் மட்டும்தான்.

ஒரு பக்கம் டிம், பிரைட் இரண்டுமே இல்லை என்றால் சந்தேகம் மூன்று இடத்துக்குப் போகும்: ஃபியூஸ், கப்ளர் (பல்பின் பின்னால் ஒயரோடு செருகியிருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு), எர்த். பல கார்களில் இடது, வலது ஹெட்லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ் இருக்கும். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருப்பார்கள். ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள், நடுக்கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அதே ஆம்பியர் எண் உள்ள ஃபியூஸையே திரும்பப் போட வேண்டும். 10-க்குப் பதில் 20 போட்டு ஓட்டினால், அடுத்த முறை கோளாறு வரும்போது ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எரியவில்லையா? இரண்டு பல்பும் ஒரே நொடியில் போவது அபூர்வம். ரிலே (ஸ்விட்சுக்குப் பதிலாகப் பெரிய கரன்டைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச்), ஸ்விட்ச், மெயின் ஃபியூஸ் என்று பாருங்கள். அங்கே ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை வந்துவிடுகிறது.

மல்டிமீட்டர் இல்லாமலே ஒரு எளிய சோதனை உண்டு. எரியும் பக்கத்துப் பல்பைக் கழற்றி எரியாத பக்கம் மாட்டுங்கள். அங்கே எரிந்தால் பழைய பல்பு செத்தது உறுதி. எரியாவிட்டால் கோளாறு பல்புக்குப் பின்னால் இருக்கிறது. மீட்டர் வைத்திருப்பவர்கள் பல்பின் பின்களுக்கு (கப்ளருக்குள் நுழையும் உலோக முனைகளுக்கு) நடுவே ஓம் பார்க்கலாம். 60 வாட் ஃபிலமென்ட் எரியும்போது சுமார் 2.4 ஓம் காட்ட வேண்டிய கணக்கு, ஆனால் குளிர்ந்திருக்கும்போது அரை ஓமுக்கும் கீழேதான் காட்டும். அதைப் பார்த்து ‘ஷார்ட்’ என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்ந்த ஃபிலமென்ட் அப்படித்தான். ஸ்விட்ச் போட்ட நொடியில் பல்புகள் அதிகம் போவதும் இதனால்தான், அந்த முதல் நொடியில் கரன்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு பாய்கிறது.

கழற்றிய பல்பின் கண்ணாடியும் ஒரு சேதி சொல்லும். உள்ளே கறுத்திருந்தால் வயதாகிப் போனது, இயல்பான சாவு. வெள்ளைப் பொடியாகவோ பால் மாதிரியோ படிந்திருந்தால் கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் குலுக்கலைச் சந்தேகிக்கலாம்: ஸ்பிரிங் கிளிப் சரியாக மாட்டப்படாமல் பல்பு ஆடிக்கொண்டிருந்திருக்கக் கூடும்.

எதை வாங்குவது

காரோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பல்புகளின் பட்டியல் இருக்கும். கையேடு தொலைந்துபோயிருந்தால் பழைய பல்பின் உலோக அடிப்பகுதியிலேயே எழுத்துப் பொறித்திருக்கும். அதையே கடைக்காரரிடம் காட்டுங்கள்.

பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற பெயருள்ள தயாரிப்பில் சாதாரண 60/55 போதும். பெயரைப் போட்டு வரும் போலிகள் சந்தையில் நிறைய, எனவே தெரிந்த கடையில் பில்லோடு வாங்குவது நல்லது. போலியில் ஃபிலமென்ட் ஒழுங்கான இடத்தில் இருக்காது, டிம் கிண்ணம் கோணலாக இருக்கும். எப்படி மாட்டினாலும் வெளிச்சம் சரியாக விழாது.

கடையில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: “சார், 100/90 போட்டுக்கலாமா? நல்லா பளிச்சுனு இருக்கும்.” வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி ஒயரும் ஸ்விட்சும் கப்ளரும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பேறும், அப்புறம் உருகும். பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டராக இருந்தால் உள்ளே பூசிய வெள்ளி நிறப் பூச்சும் கருகும். ரிலே கிட் போட்டு ஒயரைக் காப்பாற்றினாலும் ரிஃப்ளெக்டருக்கு ஏறும் சூட்டை அது குறைக்காது.

எல்இடி பல்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது அதிகம் கேட்கப்படுவது அதுதான். ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பை மாட்டினால் வெளிச்சம் வெள்ளையாக, பார்க்கப் பளீரென்று இருக்கும். ஆனால் அந்த ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் ஒரு மெல்லிய கம்பிச்சுருள் எங்கே எரியும் என்று கணக்குப் போட்டு வடிக்கப்பட்டது. எல்இடியில் ஒளி இரு பக்கமும் ஒட்டிய சிப்புகளிலிருந்து வருகிறது. பல தயாரிப்புகளில் அந்த இடம் ஃபிலமென்ட் இருந்த இடத்தோடு ஒத்துப்போவதில்லை. வண்டிக்கு மிக அருகில் சாலை வெளுக்கும், தூரத்தில் இருட்டு, எதிரே வருபவருக்குக் கண் கூச்சம். ஓட்டுபவருக்கு மட்டும் ‘நல்ல வெளிச்சம்’ என்று தோன்றும், ஏனென்றால் பக்கத்துத் தரை பளிச்சென்று தெரிகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-வது விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும், அல்லது ஓட்டுபவர் அதைக் கீழே இறக்க முடிய வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலப்பக்கமாக, 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ளவருக்குக் கூசக் கூடாது. ஒரு ஆள் நிற்கும் உயரம்தான் அது. பைக்கில் எதிரே வருபவர் கண்ணும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு யோசனை: ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே நேரம் எரிந்தவை. ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வெளிச்சமும் சமமாக இருக்காது. கழற்றிய நல்ல பல்பைப் புதியதன் பெட்டியிலேயே போட்டு டேஷ்போர்டு அறையில் வையுங்கள், நள்ளிரவில் உதவும்.

தொடங்குவதற்கு முன்

பகல் வெளிச்சத்தில், சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, ஹெட்லைட் ஸ்விட்சை அணைத்துப் பானட்டைத் திறவுங்கள். இப்போதுதான் ஓட்டி வந்தீர்கள் என்றால் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சுத்தமான பருத்தித் துணி அல்லது மெல்லிய கையுறை, பத்தாம் நம்பர் ஸ்பானர், டார்ச், செல்போன். மூக்குக்கண்ணாடி போடாதவர்கள் கண்ணைக் காக்க ஏதாவது ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், பல்புக்குள் வாயு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் கைவிடப் போகிறோம்.

பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டுமா? விளக்கு ஸ்விட்ச் அணைந்திருந்தால் எச்4 பல்பை மாற்ற அது கட்டாயமில்லை. ஆனால் பல சின்னக் கார்களில் ஒரு பக்க ஹெட்லைட்டுக்கு நேர் பின்னால் பேட்டரி நிற்கும், கை நுழைய இடமே இருக்காது. அப்படியானால் பேட்டரியை எடுத்துவிடுவதே நல்லது. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை முக்கியம். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மறுபக்கத்தில் வைப்பர் தண்ணீர் டேங்க்கின் கழுத்தோ ஏர் ஃபில்டர் குழாயோ குறுக்கே நிற்கலாம். அவற்றை ஓரிரு கிளிப்பிலேயே தள்ளி வைத்துவிடலாம்.

பழையதைக் கழற்றுவது

ஹெட்லைட்டின் பின்புறத்தில் ஒரு வட்டமான கறுப்பு ரப்பர் கவர் தெரியும், அதன் நடுவில் மூன்று ஒயர் போகும் கப்ளர். முதலில் இதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நேராகத் தலையைவிட்டுப் பார்க்க முடியாத இடத்தில் செல்போனை உள்ளே நீட்டி எடுத்தால் போதும். பிறகு எதை எப்படி மாட்டுவது என்ற குழப்பமே வராது.

கப்ளரைப் பிடித்து நேராகப் பின்னால் இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பித்தளை முனை கழன்று வந்துவிடும். வரவில்லை என்றால் மெதுவாக மேலும் கீழுமாக ஆட்டி இழுங்கள். சூட்டில் பல வருடம் இறுகியிருக்கும், பொறுமையாக ஆட்டினால் வரும். சில கார்களில் பக்கவாட்டில் ஒரு சின்ன லாக் இருக்கும், அதை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும்.

கையில் வந்த கப்ளரை நன்றாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகவோ உருகியோ, உள்ளே முனைகள் பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால், புதிய பல்பும் அதே கதிக்குத்தான் ஆளாகும். எச்4 கப்ளர், அதாவது ‘ஹோல்டர்’, ஒயரோடு தனியாகவே விற்கிறது. அதை மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து ரப்பர் கவர். அதன் ஓரத்தில் பிடித்து இழுக்கக் காது மாதிரி ஒரு நீட்டம் இருக்கும். அதைப் பிடித்து உரித்து எடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் அதிலேயே குறி இருக்கும்.

இப்போது பல்பின் உலோகத் தட்டும், அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பியும் தெரியும். மெக்கானிக்கிடம் பழகாத கைகள் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். கம்பியின் ஒரு முனை கீல் போல நிலையாக இருக்கும், மறுமுனை ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். கம்பியின் முனையை வண்டியின் முன்பக்கம் நோக்கி அமுக்குங்கள், அமுக்கியபடியே பக்கவாட்டில் நகர்த்துங்கள். கொக்கியை விட்டுக் கழன்று, கதவு திறப்பதுபோல் கம்பி விலகும். இழுக்கவோ வளைக்கவோ வேண்டாம். வளைந்த கம்பி பிறகு பல்பைச் சரியாகப் பிடிக்காது. கை மட்டும்தான் உள்ளே போகும், கண் போகாது என்ற கார்களில், மறுபக்க ஹெட்லைட்டைத் திறந்து கம்பி எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தால் இங்கே விரல்கள் தடவியே செய்துவிடும்.

பல்பை நேராகப் பின்னால் எடுங்கள். எடுக்கும்போது அதன் தட்டில் உள்ள மூன்று காதுகளையும் கவனியுங்கள். ஒன்று மற்ற இரண்டைவிட அகலமானது, அது மேலே இருக்கும்.

பல்பு வெளியே வந்த பிறகு அந்தத் துவாரத்தை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டாம். தூசி உள்ளே போனால் ரிஃப்ளெக்டரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்கப் போனால் பூச்சும் சேர்ந்து வரும். உள்ளே துணி விட்டுத் துடைக்கவே கூடாது.

புதியதை மாட்டுவது

பெட்டியைத் திறந்து, பல்பை அடிப்பகுதி உலோகத்தைப் பிடித்தே எடுங்கள். கண்ணாடியில் விரல் பட்டுவிட்டால் ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, உலரவிட்டு மாட்டுங்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் அது எப்போதும் இருக்கும்.

அகலக் காது மேலே வரும்படி பல்பை நேராக உள்ளே விடுங்கள். மூன்று காதும் மூன்று வெட்டுகளில் பொருந்தியதும் தட்டு ரிஃப்ளெக்டரின் முகத்தோடு சமமாக உட்காரும். ஒரு விரலால் தட்டைச் சுற்றித் தடவிப் பாருங்கள். எங்கும் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் அது உட்காரவில்லை. சிலர் ‘கம்பி இழுத்துப் பிடித்துக்கொள்ளும்’ என்று அப்படியே பூட்டிவிடுவார்கள். கம்பி பிடிக்கும், ஆனால் கோணலாகவே பிடிக்கும்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் பின்களைப் பாருங்கள். எச்4 பல்பின் மூன்று தகட்டுப் பின்களில் ஒன்று படுக்கையாக, இரண்டு நிற்கிற மாதிரி இருக்கும். சரியாக மாட்டினால் படுக்கைப் பின் மேலே வரும்.

சரி, உட்கார்ந்தது. ஸ்பிரிங் கம்பியைத் திரும்பக் கொண்டுவந்து, முன்னால் அமுக்கி, கொக்கியில் மாட்டுங்கள். கம்பியின் முனை முழுதாகக் கொக்கிக்குள் விழ வேண்டும். பல்பைத் தட்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

ரப்பர் கவரைத் திரும்பப் போடும்போது அவசரப்படாதீர்கள். மூன்று பின்களும் அதன் நடுத்துளை வழியாக முழுமையாக வெளியே நீட்டியிருக்க வேண்டும், வெளி ஓரம் சுற்றிலும் விளக்கின் கழுத்தில் இறுகியிருக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஹெட்லைட்டுக்குள் நீராவி பூத்து நிற்கும் கார்களில் பாதிக்கு மேல் இந்த ரப்பர் சரியாகப் போடாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். விறைத்து வெடித்த ரப்பரை மாற்றிவிடுங்கள், தனியாகக் கிடைக்கிறது.

கடைசியாகக் கப்ளர். நேராக, முழுதாக உள்ளே போகும்வரை அழுத்துங்கள். அரைகுறையாக நின்றால் தொடர்பு இடம் சூடாகி உருகத் தொடங்கும்.

பானட்டை மூடும் முன் விளக்கைப் போட்டுப் பாருங்கள்: டிம், பிரைட், பாஸ், பார்க்கிங் விளக்கு, இண்டிகேட்டர், இரு பக்கமும். கை நுழைத்தபோது பக்கத்து ஒயர் ஏதாவது கழன்றிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். எலித் தொல்லை உள்ள இடமென்றால் அந்தப் பக்கத்து ஒயர்களில் கடித்த தடம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள், இவ்வளவு அருகில் அடிக்கடி பார்க்க வாய்ப்பு வராது.

சுவரில் பார்ப்பது

இதை விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். பல்பு எரிகிறது என்பது பாதி வேலை, எங்கே விழுகிறது என்பது மீதி.

டயர் காற்றைச் சரியாக அடித்து, டிக்கியில் பாரம் இல்லாமல், சமதரையில், ஒரு வெறும் சுவருக்கு நேராக நிறுத்துங்கள். உள்ளே விளக்கின் உயரம் மாற்றும் திருகு இருந்தால் அதை 0-வில் வையுங்கள். முதலில் சுவரை ஒட்டி நிறுத்தி, இரு ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எந்த உயரத்தில் வருகிறது என்று சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு வண்டியை நேராகப் பின்னால் 10 மீட்டர் கொண்டுபோங்கள். இருட்டியதும் டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பின் நேர்ப்பகுதி நீங்கள் குறித்த கோட்டுக்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் அது மேலே சாய்ந்து ஏறும். தெருவில் 5 மீட்டர்தான் இடம் என்றால் கணக்கும் பாதியாகும்.

ஒரு பக்க வெளிச்சம் எகிறியோ சிதறியோ இருந்தால் உடனே அட்ஜஸ்ட் திருகில் கைவைக்க வேண்டாம். பல்பு மாற்றுவதற்கு முன் சரியாக இருந்த விளக்கு, பல்பைச் சரியாக மாட்டினால் அப்படியே சரியாகத்தான் இருக்கும். ரப்பரைக் கழற்றிப் பல்பு உட்கார்ந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை கோளாறு அங்கேதான் இருக்கும். அதுவும் சரி, இன்னும் விலகல் என்றால்தான் விளக்கின் பின்னால் உள்ள திருகுகள். ஒன்று மேலே கீழே, மற்றது இடம் வலம். கால் சுற்று திருப்பி, சுவரைப் பார்த்து, மறுபடி கால் சுற்று. ஒரு விளக்கைச் சரி செய்யும்போது மற்றதை அட்டையால் மறைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

உங்கள் காரில் எச்4 இல்லையென்றால்

எச்7 பல்பில் ஒரே ஃபிலமென்ட்தான், டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனிப் பல்பு. கண்ணாடியைத் தொடாமல் இருப்பது, நேராக உட்கார வைப்பது எல்லாம் இதற்கும் பொருந்தும். எச்11, எச்பி3, எச்பி4 வகைகளில் ஸ்பிரிங் கம்பி கிடையாது. பல்பின் பிளாஸ்டிக் அடியைப் பிடித்து இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பினால் கழன்று வரும், திரும்ப மாட்டும்போது வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அடியில் உள்ள ரப்பர் வளையம் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீனான் விளக்கு வைத்த கார்களில் கை வைக்காதீர்கள். அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது. கம்பெனியிலேயே எல்இடி ஹெட்லைட் வந்த கார்களில் மாற்றுவதற்குப் பெரும்பாலும் பல்பே இல்லை. சில கார்களில் முன் பம்பரைக் கழற்றி ஹெட்லைட்டையே வெளியே எடுத்தால்தான் பல்புக்குக் கை எட்டும். அந்த வேலையை முதல்முறை தெரிந்தவர் செய்யப் பார்த்துவிட்டு, அடுத்த முறை நீங்கள் செய்யலாம்.

மாற்றிய பிறகும் மங்கலா? மறுபடியும் போகிறதா?

புதுப் பல்பு போட்டும் வெளிச்சம் மங்கல் என்றால் முதலில் ஹெட்லைட்டின் முன்மூடியைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் கார்களில் அந்த பாலிகார்பனேட் மஞ்சளாகிச் சொரசொரப்பாகிவிடும். எந்தப் பல்பும் அதைத் தாண்டி நன்றாக அடிக்காது. நன்றாகத் தேய்த்துப் பாலிஷ் செய்து, மேலே வெயில் தாங்கும் பூச்சுக் கொடுத்தால் பெரிய மாற்றம் தெரியும்.

மூடி தெளிவாக இருந்தும் மங்கல் என்றால் மின்னழுத்தம் வழியில் குறைகிறது. என்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரி முனையில் ஒரு அளவும் பல்பின் பின்களில் ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், துருப்பிடித்த எர்த் முனையையோ எரிந்த கப்ளரையோ தேட வேண்டும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். 100 வாட் பல்பு கேட்டு வருகிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது பாடியில் ஒரு எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டுவதுதான்.

பல்பு சில மாதத்துக்கு ஒருமுறை போகிறது என்றால் நிலைமை நேர் எதிர். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் (என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவியின்) ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது அதுதான். மின்னழுத்தம் ஐந்து சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் சுமாராகப் பாதியாகும். அதைச் சரி செய்யாமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், அடுத்துப் போவது பேட்டரி. மின்னழுத்தம் சரியாக இருந்தும் ஒரே பக்கம் மட்டும் திரும்பத் திரும்பப் போனால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங் கம்பி தளர்ந்திருக்கிறதா, ரப்பர் வழியே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.